மூன்று வழி இரண்டான கதை

1

என் மகள் செலின் இங்கே பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லாம் "மகள் வக்கீலாகப் போகிறாளாமே" என்று விசாரிக்கிறீர்கள். ஆமாம், போகிறாள். ஆனால் வீட்டில் அவளோடு வாதாடி ஜெயிக்க முடியாமல் நானும் என் மனைவி புஷ்பமும் படும் பாட்டை யாரும் விசாரிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, சிராங்கூன் ரோட்டில் ஆட்டுக்கறியும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். செலின் தட்டுக்குப் பக்கத்தில் பாடப்புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் புத்தகம் கூடாது என்று புஷ்பம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். திடீரென்று நிமிர்ந்து, "டாடி, முன்னாடி எல்லாம் அக்யூஸ்ட் ஓத் எடுக்காமலே டாக்ல நின்னு பேசலாமாமே, நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள்.

பார்த்திருக்கிறேனாவா! வருடக்கணக்காக அதை வாயால் சொல்லிச் சொல்லித்தானே இந்த வீட்டுக்கு அரிசி வாங்கினேன். நான் உயர்நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். இது என் மகளுக்குத் தெரியும். ஆனால் அவள் படிக்கும் பாடத்துக்கும் அப்பா பார்க்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்கும் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை போலிருக்கிறது.

பார்த்திருக்கிறேன் என்றேன். எழுபதுகளில் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வழியை அடைத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். நல்ல திருத்தம்தான் என்றாள் அவள். சத்தியம் செய்யாமல் குறுக்கு விசாரணைக்கும் தப்பித்து, மனம்போனபடி கதை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ள எதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். அப்புறம், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வை வாலாக ஒட்டிச் சொன்னதுதான் என்னைக் குத்தியது.

"தப்பு பண்ணாதவன் எதுக்கு பயப்படணும்? ஓத் எடுத்துட்டு பேச வேண்டியதுதானே லா."

சிங்காரத்தின் கதையைச் சொல்கிறேன் கேள் என்று ஆரம்பித்தேன். பாதி வழியில் தொலைபேசி மணி அடித்தது. யாரோ சிநேகிதி. போனவள் திரும்பி வருவதற்குள் குழம்பு ஆறிவிட்டது, எனக்கும் ஆறிவிட்டது. அவள் கேட்காததை நீங்களாவது கேளுங்கள்.

2

முதலில் அந்தத் திருத்தம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில், அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும், குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி மூன்று வழிகளைச் சொல்வார். சாட்சிக் கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்துப் பேசலாம். அப்படிப் பேசினால் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். அல்லது, செலின் 'டாக்' என்றாளே, அந்தக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற இடத்திலேயே நின்று, உறுதிமொழி ஏதுமில்லாமல் தன் பக்கத்தைச் சொல்லலாம். அதைப் பற்றி யாரும் குறுக்கே கேள்வி கேட்க முடியாது. அதுவும் வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். நீதிபதி ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். எனக்கு அது பூசையில் சொல்லும் பரமண்டல மந்திரம் மாதிரி மனப்பாடம்.

திருத்தம் வந்ததும் நடுவில் இருந்த வழி போயிற்று. ஒன்று, கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்துப் பேச வேண்டும். இல்லையென்றால் மௌனம். அந்த மௌனத்தையும் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. கொலை வழக்குக்கு ஜூரி உட்காரும் வழக்கம் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து, அவர்களே கேட்டு, அவர்களே முடிவு செய்வார்கள். ஆக, பேச வேண்டியது அந்த இரண்டு பேரிடம்தான்.

எங்கள் அறைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிய வாசகத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒருவர் இலக்கணத் தமிழில் நீட்டி முழக்கி எழுதிக்கொண்டு வந்தார். அதைக் கேட்டால் குற்றவாளிக்கு இல்லை, குற்றவாளியின் தமிழ் வாத்தியாருக்கே தலை சுற்றும். கடைசியில், "பேசாம இருந்தீங்கன்னா, அத உங்களுக்கு எதிரா எடுத்துக்கச் சட்டத்துல இடம் இருக்கு" என்று முடித்தோம். பக்கத்து மேசையில் சீன மொழிக்காரர்கள் ஒவ்வொரு கிளை மொழிக்கும் ஒரு வாசகம் என்று எங்களைவிட அதிகமாகத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அதில் எங்களுக்கு ஒரு அற்ப ஆறுதல்.

திருத்தம் நல்லதா கெட்டதா என்று அன்றைக்கு நான் யோசித்ததே இல்லை. வாசகம் மாறினால் வாயை மாற்றிக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான்.

3

சிங்காரம் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மனைவி அஞ்சலை ஓர் அலுவலகக் கட்டடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். இங்கேயே பிறந்த ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிற வயது.

குற்றச்சாட்டு கொலை. கூட வேலை செய்த மாணிக்கம் என்பவரை, மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியால் அடித்துக் கொன்றார் என்பது. கிடங்கில் அந்த நேரம் இருந்தது இவர்கள் இருவர் மட்டும். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் பார்த்தது, கொக்கியோடு நின்ற சிங்காரத்தையும் கீழே கிடந்த மாணிக்கத்தையும்தான். அவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து உறுதிமொழி எடுத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சண்டை எப்படி ஆரம்பித்தது, கொக்கியை முதலில் தூக்கியது யார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அது சிங்காரத்துக்கு மட்டும்தான் தெரியும். திடீரென்று மூண்ட சண்டையில், முன்கூட்டித் திட்டம் ஏதுமில்லாமல் அடித்தது என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டால் கொலைக் குற்றம் குறையும், சிறை. ஏற்றுக்கொள்ளாவிட்டால் தூக்கு, வேறு தண்டனையே கிடையாது. ஆக, சிங்காரம் வாய் திறந்தாக வேண்டும்.

நீதிபதிகளில் மூத்தவர் புது வாசகத்தைப் படித்தார். நான் தமிழில் சொன்னேன். சிங்காரத்தின் வக்கீல், தமிழ் தெரியாத இளைஞர், தன் கட்சிக்காரர் சாட்சி சொல்வார் என்று எழுந்து அறிவித்தார். சிங்காரமும் ஒழுங்காக நடந்து வந்து கூண்டில் ஏறினார். உறுதிமொழி சொல்லிக் கொடுப்பதும் என் வேலைதான். வலது கையை உயர்த்தச் சொன்னேன்.

அவர் கையைத் தூக்கவில்லை.

"பேசறேன் ஐயா, எல்லாத்தையும் பேசறேன். சத்தியம் மட்டும் பண்ண மாட்டேன்."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளன் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். நீதிபதி பொறுமையாக விளக்கினார். இந்துக்களுக்கு இங்கே கடவுள் பெயரால் ஆணை கிடையாது, உண்மை சொல்வேன் என்ற உறுதிமொழி மட்டும்தான். எந்தச் சாமியையும் இழுக்க வேண்டாம். சிங்காரம் கேட்டுக்கொண்டே நின்றார். சாமி பேரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நாலு பேர் முன்னால் கையைத் தூக்கிச் சொன்னால் அது சத்தியம்தான் என்றார்.

ஏன் என்று கேட்டார் நீதிபதி.

ஊரில் அண்ணன்காரன் ஒரு வரப்புத் தகராறில் மாட்டியிருக்கிறான். அவனுக்காகக் கோயில் வாசலில் கற்பூரத்தை அடித்து இவர் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார். அறுப்பு முடிவதற்குள் இவருடைய மூத்த பிள்ளை, ஆண் பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டது. அதற்கப்புறம்தான் ஊரே வேண்டாம் என்று கப்பல் ஏறியது. இனி ஆயுசுக்கும் சத்தியம் செய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு. இப்போது இருப்பது ஒரே பெண். வாய் தவறி ஒரு வார்த்தை முன்னே பின்னே வந்துவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று நீதிபதியையே கேட்டார்.

"என் மகன் செத்துப்போனான்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கு மகனே கிடையாது.

4

இதைப் படிக்கிற உங்களுக்குச் சிங்காரத்தைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை. எங்கள் லால்குடியில் நாங்கள் நாலு தலைமுறைக் கத்தோலிக்கர்கள். ஆனாலும் ஆடு திருட்டு, வேலித் தகராறு என்று வந்தால் எங்கள் ஆட்களும் பக்கத்து ஊர்க் கருப்பர் கோயிலுக்குத்தான் எதிராளியைச் சத்தியத்துக்குக் கூப்பிடுவார்கள். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார். ஆனால் அந்தோணியார் இரக்கப்பட்டு மன்னித்துவிடுவார், கருப்பர் மன்னிக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்கிறவன் பாதி வழியிலேயே கால் பின்னித் திரும்பிவிடுவான். சில சமயம் உண்மை சொல்கிறவனும் திரும்பிவிடுவான். உண்மையாகவே இருந்தாலும் சத்தியம் செய்வது நல்ல குடும்பத்துக்கு அழகில்லை என்று ஒரு பேச்சு உண்டு அல்லவா, அதற்குப் பயந்து.

இதையெல்லாம் நான் செலினுக்கு எந்த மொழியில் சொல்வது? வார்த்தைகள் இருக்கின்றன. அவள் கெட்டிக்காரி, வார்த்தைகள் புரியும். இந்த ஊரில் பிறந்து, மின்தூக்கியில் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பயம் புரியாது. அதற்கு அவளைக் கோபித்து என்ன பயன்? பயமில்லாமல் வளரட்டும் என்றுதானே நாமும் இங்கே கிடந்து உழைத்தோம். இருந்தாலும் பயமே இல்லாதவர்கள் மட்டும் உட்கார்ந்து சட்டத்தைத் திருத்தினால் சிங்காரம் மாதிரி ஆட்கள் எங்கே போவார்கள் என்றும் தோன்றுகிறது.

பழைய சட்டமாக இருந்தால் அவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். அந்த நடு வழியை அடைத்தவர்கள் பொய்யர்களை மனத்தில் வைத்து அடைத்தார்கள். சத்தியத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஒருவர் வந்து முட்டிக்கொண்டு நிற்பார் என்று அவர்கள் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?

5

நீதிபதிகள் விசாரணையைச் சிறிது நேரம் ஒத்திவைத்தார்கள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். உறுதிமொழி எடுக்காவிட்டால் சிங்காரம் சொல்லும் ஒரு வார்த்தையும் கணக்கில் வராது. அவருடைய மனைவி பேசிப் பார்த்தால் கேட்பாரோ என்று வக்கீலுக்கு ஒரு யோசனை வந்தது. நீதிபதியிடம் அனுமதி கேட்டார், கிடைத்தது. காவலர் பக்கத்தில் நிற்க, வக்கீலுக்காக நான் மொழிபெயர்க்க, அஞ்சலை கூண்டின் அருகே வந்தாள்.

குள்ளமான பெண். வேலைக்குப் போகும் நீலச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டிருந்தாள். அழவில்லை. விவரத்தை வக்கீல் சொல்ல, நான் சொல்ல, கேட்டுக்கொண்டாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"இங்க பாருங்க. புள்ள மேல எதுவும் வேணாம். நீங்க பண்ற சத்தியம் எம்மேல இருக்கட்டும். நான் வாங்கிக்கிட்டேன். போய்ப் பேசுங்க."

சொல்லிவிட்டு அவருடைய வலது கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். கைதியைத் தொடக் கூடாது. காவலர், ஒரு மலாய்க்காரர், பார்க்காதது போல் கூரையைப் பார்த்தார். வக்கீல் என்னிடம் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அதன் கனம் எட்டியதா என்று தெரியவில்லை. சிங்காரம் சம்மதித்துவிட்டார் என்று மட்டும் புரிந்துகொண்டு சுறுசுறுப்பாகிவிட்டார்.

நீதிபதிகள் திரும்பி வந்தார்கள். சிங்காரம் கையை உயர்த்தினார். நான் சொல்லச் சொல்ல, உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்று திருப்பிச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் பார்வையாளர் வரிசையில் இருந்த அஞ்சலையைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு பேசினார், மடை திறந்த மாதிரி. அன்று மாணிக்கம் குடித்துவிட்டு வந்தார். ஏதோ வாய்ப்பேச்சு முற்றியது. ஊர்க் கதை தெரிந்தவர் அவர். பொய்ச் சத்தியம் பண்ணிப் பெற்ற பிள்ளையை முழுங்கினவன் என்று சொல்லிச் சிரித்தார். சிங்காரம் சட்டையைப் பிடித்தார். மாணிக்கம் கொக்கியை ஓங்கினார். சிங்காரம் அதைப் பிடுங்கி அடித்தார். வக்கீலின் முகத்தில் களை வந்துவிட்டது. திடீர்ச் சண்டை, ஆயுதத்தை முதலில் எடுத்தது மற்றவர், எல்லாம் கச்சிதமாக இருந்தது.

அப்புறம் அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டார்: கொக்கியைப் பிடுங்கிய பிறகு உங்களுக்கு ஆபத்தில்லை அல்லவா? அவர் சாக வேண்டும் என்றுதானே அடித்தீர்கள்?

எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியை நான் தமிழில் கேட்டிருக்கிறேன். இல்லை, தெரியாமல் பட்டுவிட்டது, கண் இருட்டிவிட்டது, இப்படித்தான் பதில் வரும். உறுதிமொழி எடுத்துவிட்டுக் கூசாமல் சொல்வார்கள். சிங்காரம் மனைவியைப் பார்த்தார். அவள் மெதுவாகத் தலையை இடமும் வலமும் அசைத்தாள். நான் பார்த்தேன், நீதிபதியும் பார்த்திருப்பார்.

"ஆமாங்க. அந்த நேரம் அவன் செத்தாத் தேவலைன்னு நெனச்சுதான் அடிச்சேன்."

'நான்' என்றுதான் நான் சொல்ல வேண்டும். சொன்னேன்.

6

அன்றைக்கு வெளியே தாழ்வாரத்தில் தூணோரம் அஞ்சலை நின்றிருந்தாள். வழக்கு முடியும்வரை யார் குடும்பத்தோடும் நாங்கள் பேசுவது முறையில்லை. ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவள் வழியை மறிக்கவில்லை. யாரிடமோ சொல்வது போல, என் காதில் விழும்படி சொன்னாள்.

"பொய் சொல்லட்டும்னுதானே எம்மேல வாங்கிக்கிட்டேன். இந்த மனுஷன் உண்மையச் சொல்லிட்டு நிக்கிறாரே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பழி வந்தால் தன் தலையோடு போகட்டும், புருஷன் எதையாவது சொல்லித் தப்பிக்கட்டும் என்று அவள் அவர் கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவரோ அவள் தலையில் கை வைத்த பிறகு ஒரு சொல் மாற்றிச் சொல்ல முடியாதவராகிவிட்டார். வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. என்ன வழக்கு என்று புஷ்பம் கேட்டாள், சொல்லக் கூடாது என்றேன். அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு யாருக்கு என்று தெரியாமலே வேண்டிக்கொண்டாள்.

சில நாள் கழித்துத் தீர்ப்பு. சிங்காரத்தை நிற்க வைத்து மூத்த நீதிபதி படித்தார். தனக்கே பாதகமான ஒன்றை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்கிற மனிதர், சண்டை தொடங்கிய விதத்தையும் உள்ளபடியே சொல்லியிருக்கிறார் என்று நாங்கள் நம்புகிறோம் என்றார். திடீர்ச் சண்டையில் நடந்தது, ஆகவே கொலைக் குற்றம் இல்லை, அதற்குக் குறைந்த குற்றம். தூக்கு இல்லை. பின்வரிசையில் அஞ்சலை வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள்.

தண்டனை சொல்வதற்கு முன் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்பது முறை. வக்கீல் எழுந்து, குடும்பம், பிள்ளை, இதுவரை குற்றம் இல்லாதவர் என்று சொல்லி உட்கார்ந்தார். சிங்காரம் தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்று என்னிடம் சைகை செய்தார். நீதிபதி தலையசைத்தார்.

"எத்தனை வருசம் போட்டாலும் சரிங்க. நான் பேச வேண்டியதப் பேசி முடிச்சுட்டேன். எம்பொண்டாட்டி மேல இருக்கிற சத்தியத்த இறக்கிவிடச் சொல்லுங்க."

மொழிபெயர்த்தேன். அரசுத் தரப்பு வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். சிங்காரத்தின் வக்கீல் எழுவதா வேண்டாமா என்று பாதி எழுந்து நின்றார். அந்த நீதிமன்றத்துக்கு என்னென்ன அதிகாரம் என்று வரிவரியாக எழுதியிருக்கிற சட்டத்தை நானும் புரட்டியிருக்கிறேன். தூக்கில் போட அதிகாரம் உண்டு, விடுவிக்க உண்டு, அபராதம் போட, ஆளை வரவழைக்க, ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்ல, எல்லாம் உண்டு. ஒரு பெண்ணின் தலையிலிருந்து சத்தியத்தை இறக்க எந்தத் திருத்தத்திலும் இடம் இல்லை.

மூத்த நீதிபதி கண்டிப்பானவர், வார்த்தை வீணாக்காதவர். பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"இறக்கியாகிவிட்டது என்று சொல்லுங்கள்" என்றார் என்னிடம், ஆங்கிலத்தில்.

"இறக்கியாச்சுன்னு சொல்றாங்க" என்றேன்.

சிங்காரம் நம்பவில்லை. வாயால் சொன்னது ஆளோடு போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"எழுதிக்கச் சொல்லுங்க ஐயா."

அதையும் சொன்னேன். அந்தக் காலத்தில் நீதிபதிகள் சாட்சியத்தைக் கையால்தான் எழுதிக்கொள்வார்கள். மூத்த நீதிபதி மூடி வைத்திருந்த பேனாவைத் திறந்தார். குனிந்து ஒரு வரி எழுதும் நேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. பேனா நகர்ந்ததைப் பார்த்தேன். கூண்டிலிருந்து எக்கி நின்று சிங்காரமும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, போடுங்க என்றார்.